வண்டியைத் தொடாத மனிதர்

பழைய புகைப்படம் ஒன்றில் கார் நின்றிருந்தால், அது என்ன கார், எந்த மாடல், எந்த வருடத்துக்கு முன்னால் அது இருந்திருக்கவே முடியாது என்பதைச் சொல்லிவிடுவேன். இதை அடக்கமாகச் சொல்லப் பல முறை முயன்று தோற்றிருக்கிறேன். என் மனைவி இதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவள் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் நேரில் ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் செலக்டராக இருந்தேன். பதனிட்டு வருகிற ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து, சன்னல் வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிசல் என்று பிரித்துப் போடுகிறவருக்கு எங்கள் ஊரில் செலக்டர் என்று பெயர். ஆடு முள்வேலியில் கிழித்துக்கொண்டதா, உண்ணி கடித்ததா, உரித்தவன் கத்தி வழுக்கியதா எல்லாம் தோலில் தெரியும். உயிரோடு இருக்கும்போது பட்ட காயம் ஆறி, ஓரம் மூடித் தழும்பாகியிருக்கும். செத்த பிறகு விழுந்த வெட்டு மூடாது. அதன் ஓரம் எத்தனை முறை பதனிட்டாலும் விரலில் தட்டும். கண்ணை மூடிக்கொண்டே இரண்டையும் பிரித்துச் சொல்வேன், அந்தப் பெருமையும் எனக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு கண்ணுக்கும் விரலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. சும்மா இருக்க முடியாமல் நான் வீட்டில் உப்பு டப்பா முதல் துணி உலர்த்தும் கயிறு வரை குறை சொல்லத் தொடங்கியதைப் பார்த்து, கூட வேலை செய்த தோஸ்த் ஒருவன் என்னைப் பழைய கார்களைப் பற்றிய வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டான். யாராவது தங்கள் வீட்டுப் பழைய புகைப்படத்தை அனுப்புவார்கள். பாதி பானெட்டும் ஒரு ஹெட்லைட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்பக்கம் சின்ன வால்போல மேலே எழும்பியிருந்தால் அம்பாசிடர், வழுக்கிக்கொண்டு கீழே போனால் அதற்கு முந்திய லேண்ட்மாஸ்டர். முன்பக்கத்துக் கிரில்லை வைத்து அம்பாசிடரிலேயே எது முதல் பிறவி, எது இரண்டாம் பிறவி என்று பிரிக்கலாம். தோலைப் பிரித்துப் போட்ட அதே சுகம் இதிலும் இருந்தது.

மனிதர்கள்தான் தொந்தரவு. எல்லாப் புகைப்படத்திலும் யாராவது வண்டியை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். மாப்பிள்ளை பம்பரை மறைப்பார், மாமனார் ஹப்கேப்பை மறைப்பார். செத்துப் போய் எத்தனையோ வருடமான மாமனாரை, கொஞ்சம் நகருங்கள் ஐயா என்று நான் செல்போனைப் பார்த்துச் சொல்வதை என் மனைவி கேட்டிருக்கிறாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால், வைகாசியில், வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறவர். அவரிடம் படித்த ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், அவர்தான் என் நம்பரைக் கொடுத்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கண்ணாடியோடு சேர்த்துச் செல்போனில் எடுத்திருந்தார். ஒரு கார், அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஓர் இளைஞர். இது எங்கள் அப்பா, வண்டி என்ன வண்டி என்று பேரன் கேட்கிறான், சொல்ல முடியுமா சார் என்று எழுதியிருந்தார்.

ஆறே நிமிடத்தில் பதில் போட்டேன். அம்பாசிடர், இரண்டாம் பிறவி. கிரில்லில் சின்னச் சின்னக் கட்டமாக அடைத்திருக்கிறது பாருங்கள், இந்த முகம் அறுபதுகள் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிறகுதான் சாலைக்கே வந்தது என்று விளக்கமும் எழுதினேன். நிச்சயமா சார் என்று கேட்டார். என்னை யாராவது நிச்சயமா என்று கேட்டால் பிடிக்காது. நூற்றுக்கு நூறு என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை அந்த அம்மா போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவருக்கு நாலு வயது இருக்கும்போது அவருடைய அப்பா இறந்துவிட்டதாகச் சொன்னார். ஆம்பூரில் தோல் பதனிடுகிற வேலை செய்துகொண்டிருந்தவர் கல்கத்தாவில் அதே வேலைக்கு ஜாஸ்தி கூலி என்று ரயில் ஏறினார். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே தகனம் முடிந்தது என்று தொழிற்சாலை ஆபீசுக்குத் தந்தி வந்தது. குமாஸ்தா படித்துச் சொன்னார். உடலை யாரும் பார்க்கவில்லை. இங்கிருந்து போய்ப் பார்த்து வர ஆளும் இல்லை. இருபத்திரண்டு வயதில் டீச்சரின் அம்மா தாலியைக் கழற்றினார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தந்தி வந்து ரெண்டு வருஷம் கழிச்சிதான் அந்த வண்டியே வந்துதுன்னு சொல்றீங்க சார். அப்ப வண்டி பக்கத்துல நிக்கறது யாரு?"

நான் அந்த இடத்திலாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தேதி தப்பாக ஞாபகம் இருக்கும், யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். தந்தியை அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார். தேதி தெளிவாக இருந்தது. என் பங்குக்கு நான் என்ன செய்தேன் என்றால், படத்தைப் பெரிதாக்கி, பாதி மறைந்திருந்த நம்பர் பலகையைப் பார்த்து, அந்த எழுத்துகள் அந்தக் காலத்து நம் மாவட்டத்து எழுத்துகள் என்று கண்டுபிடித்து, அதையும் பெருமையாகச் சொன்னேன். அதாவது படம் கல்கத்தாவில் எடுத்ததில்லை. இங்கேதான் எங்கேயோ எடுத்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பா சாகவில்லை. இரண்டு வருடம் கழித்து ஊர்ப்பக்கம் திரும்பி வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டுக் கார் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் போனில் எனக்குத் தவணை முறையில் வந்தது. ஆடி அமாவாசைக்கு வருடா வருடம் அந்தப் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைப்பார்கள். இந்த வருடம் டீச்சர் வைக்கவில்லை. விட்டுவிட்டுப் போன மனிதனுக்கு இத்தனை வருடம் சோறு வைத்திருக்கிறோமே என்று அழுதார். படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கியதில் கண்ணாடி உடைந்தது. அம்மாவிடம் சண்டை போட்டார். நீ அப்படி இன்னா சொன்ன, ஏன் அந்த ஆள் திரும்பி வரல என்று எண்பத்தெட்டு வயதுப் பெண்ணைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். கேட்டால் அந்த வயதானவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாராம்.

டீச்சர் ஒருநாள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அப்பா இல்லாதவள் என்று கேலி செய்யும்போது, எங்கப்பா கார் பக்கத்துல நிக்கறாரு தெரியுமா என்று இவர் திருப்பிச் சொல்வாராம். அந்தப் படம்தான் அவருக்கு அப்பா. அதை எடுத்தபோது தான் எங்கே இருந்தோம் என்று இப்போது தினமும் கணக்குப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஆறு வயது. இரண்டாம் வகுப்பு. நாலு மைல் தூரத்தில் இருந்தாரோ, பத்து மைலோ. அந்த மனிதர் உயிரோடுதான் இருந்தாரா, தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாரா, இதை மட்டும் எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுங்கள் சார் என்று கேட்டார். கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

அன்றிலிருந்து அந்த ஆள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் வண்டியைப் பார்க்கிற கண், மனிதர்களைப் பார்க்கத் தொடங்கியது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பட்டப்பகலில், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போது, மாமனார்களும் மாப்பிள்ளைகளும் செல்போனுக்குள்ளிருந்து என்னை வெறித்தார்கள். பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயமாகத்தான் இருந்தது. வேறு யாருடைய படத்திலோ, வேறு யாருடைய வண்டிக்கோ பின்னால், வெள்ளைச் சட்டை தெரிந்தால் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒருநாள் ஆம்பூர் பஸ் நிலையத்தில் வாடகைக் கார் ஒன்றின் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர் நின்றிருந்தார். அவர் திரும்பி முகத்தைக் காட்டும்வரை நான் பஸ் ஏறவில்லை.

என் மனைவிக்குப் படத்தைக் காட்டினேன். அவளுக்குக் காரில் அம்பாசிடரும் தெரியாது, ஒன்றும் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, வண்டி பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சா எவனாச்சும் வண்டி மேல கை வைக்காம இருப்பானா? இந்த ஆளு ஏன் வண்டியத் தொடல?"

நான் அவளை அதட்டினேன். அடுத்தவன் வண்டியாக இருக்கும், பயந்திருப்பான் என்றேன். ஆனால் அவள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என்னிடம் சேர்ந்திருந்த சுமார் அறுநூறு படத்தையும் எடுத்துப் பார்த்தேன். டிரைவரும் வண்டிமேல் கை வைத்திருந்தார், தோட்டக்காரரும் வைத்திருந்தார், வழியில் நின்ற வண்டியோடு படம் எடுத்துக்கொண்டவர்களும் வைத்திருந்தார்கள். பானெட்டில், கதவில், மட்கார்டில், எங்கேயாவது ஒரு கை இருந்தது. இவருடைய வலது கை சும்மா தொங்கியது. வண்டியை ஒட்டியிருந்த இடது கை கொஞ்சம் கீழிறங்கி, பாதி மூடியிருந்தது. அதில் ஏதோ கைக்குட்டை இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் அப்போதுதான் பார்த்தேன். வண்டிக்கு அடியில் நிழல் இருந்தது. அவருக்கு இல்லை.

அசல் படத்தைப் பார்க்க வேண்டும் என்று டீச்சருக்குப் போன் செய்தேன். புரட்டாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. காலை பஸ்ஸில் கிளம்பி, வேலூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துச் சத்துவாச்சாரிக்குப் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து மூன்றாவது தெரு, கீழே இரண்டு அறை, மாடியில் மகன் குடும்பம். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். நாலு மாதமாகப் போனில் மட்டும் கேட்ட குரலுக்கு இவ்வளவு இளைத்த முகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உள்ளறைக் கட்டிலில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். சின்ன உடம்பு, முழுக்க நரைத்த தலை. நெற்றியில் ஒரு துளி குங்குமம் இருந்தது. நான் அதைப் பார்த்ததை டீச்சர் பார்த்துவிட்டார். வண்டி விஷயம் தெரிந்த மறுநாளிலிருந்து வைத்துக்கொள்கிறார், சொன்னாலும் கேட்பதில்லை என்று என்னிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, படத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனார்.

கண்ணாடி இல்லாத படம். தடித்த அட்டையில் ஒட்டிய, ஓரம் பழுப்பேறிய படம். சன்னல் பக்கம் போனேன். முப்பத்தாறு வருடப் பழக்கம், கண் பார்க்கும் முன்பே விரல் போய்விட்டது. வண்டியின் மேல் விரல் வழுவழுவென்று ஓடியது. அவருடைய தோள் வந்ததும் தட்டியது. தோளைச் சுற்றி, தலையைச் சுற்றி, வேட்டியின் ஓரம் முழுக்க ஒரு விளிம்பு. ஆறாத வெட்டு. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி, ஓரத்தில் மையால் பூசியிருந்தார்கள். கை வைத்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என் மடத்தனம் உட்பட. நான் வண்டியைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. அந்த மனிதர் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை.

"நான்தான் ஒட்டச் சொன்னேன் தம்பி," என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

கிட்டப் போய் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எதையும் மறக்கவில்லை. கணவர் கல்கத்தாவுக்குக் கிளம்பும் முன்னால் திருவிழாவில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிற படம். வேறு படம் கிடையாது. செத்தவர் படத்துக்கு மாலை போட்டுப் படைக்க வேண்டும், ஆனால் அதில் உயிரோடு இருக்கிற குழந்தை நிற்கிறதே. உயிரோடு இருக்கிறவர்களையும் சேர்த்து வைத்து மாலை போடக்கூடாது, குழந்தைக்கு ஆகாது என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு வருடம் படமில்லாமல் வெறும் விளக்குக்குத்தான் படைத்தார். மூன்றாம் வருடம் கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்து, குழந்தையை வெட்டி எடுத்துவிட்டு அவரை மட்டும் ஒட்டித் தரச் சொன்னார். தனியாக நிற்கிற ஆள் பக்கத்தில் என்ன வைக்கட்டும், பூஜாடியா, நாற்காலியா, காரா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். யாரோ முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த புது வண்டிப் படம் அவரிடம் இருந்தது. கார் என்று இவர் சொல்லிவிட்டார்.

ஏன் கார் என்று கேட்டேன். ரயில் ஏறும்போது கணவர் சொல்லிவிட்டுப் போனாராம், திரும்பி வரும்போது ஸ்டேஷனிலிருந்து நடந்து வரமாட்டேன், தெருவே பார்க்க வண்டியில்தான் வந்து இறங்குவேன் என்று. சொல்லும்போது அந்த அம்மா சிரித்தார்.

இத்தனை நாள் மகளிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அவ சின்னதுல அத வச்சித்தான் பள்ளிக்கூடத்துல பெருமையா பேசிக்கினு இருந்தா. எப்டிச் சொல்றது. இப்ப வந்து, அப்பா அன்னிக்கு சாகலன்னு சொன்னா. பொய்யின்னு எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சாலும், விட்டுட்டுப் போனவராவே இருந்துட்டுப் போவட்டும், எங்கியோ உயிரோட இருந்தாருன்னு கொஞ்ச நாளு நெனச்சிக்கினு இருப்போம்னு வாயத் தொறக்கல."

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆனா அவரத் திட்டறா. பெத்தவரத் திட்டறா. அத மட்டும் தாங்க முடியல. நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல."

டீச்சர் காபியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. வண்டி சரி, ஆள் விஷயத்தில் நான் செய்தது தப்பு, தந்தி சொன்னது உண்மை என்றேன். அவர் நம்பவில்லை. ஒருமுறை நூற்றுக்கு நூறு என்று சொன்னவனை மறுபடி எப்படி நம்புவது. அவருடைய விரலைப் பிடித்து அந்த விளிம்பில் வைத்தேன். பிறகு படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, மூடியிருந்த அந்த இடது கையைக் காட்டினேன். கைக்குட்டை என்று நான் நினைத்தது கைக்குட்டை இல்லை. ஸ்டுடியோக்காரரால் குழந்தையை வெட்ட முடிந்தது, அப்பாவின் பிடிக்குள்ளிருந்து அதன் விரல்களை வெட்ட முடியவில்லை. மேலே மை பூசி மறைத்திருந்தார். மை மங்கியிருந்தது. பெரிய விரல்களுக்கு நடுவில் மூன்று சின்ன விரல் நுனிகள் தெரிந்தன.

"அது யாரு?" என்று கேட்டார் டீச்சர்.

"நீங்கதாம்மா," என்றேன்.

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். எழுபது வயதுக் கை. பிறகு படத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அப்பா, அப்பா என்று சின்னப் பெண்ணின் குரலில் அழுதார். நாலு மாதம் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். நான் கீழே இருந்த காபியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவருக்கு அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார், விட்டுவிட்டுப் போகாத அப்பா. கொஞ்சம் நிம்மதியோடுதான் நான் கட்டில் பக்கம் திரும்பினேன்.

அந்த அம்மா அழவில்லை. முந்தானை நுனியை எடுத்து, நெற்றியிலிருந்த குங்குமத்தை அவசரமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, துணியில் ஒட்டிய சிவப்பை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துக்கொண்டார்.

பிறகு மகளைக் கேட்டார், "அமாவாசை என்னிக்கு வருதுன்னு பாரு."